கூட்டத்தோடு பார்க்க வேண்டிய படங்கள்

1972இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கேரிப் திரையரங்கில் ‘தி ஹார்டர் தே கம்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது, ஜனம் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்ததில் அழைப்பிதழோடு வந்தவர்களுக்கே இடம் கிடைக்கவில்லை. தங்கள் ஊரையும் பேச்சையும் பாட்டையும் அதுவரை திரையில் இப்படிப் பார்த்திராத மக்கள் அவர்கள். அதே படம் லண்டன் பிரிக்ஸ்டனுக்கு வந்தபோது தொடக்கத்தில் ஆளே இல்லை. இயக்குநர் பெரி ஹென்செல் தானே தெருவில் நின்று துண்டறிக்கை கொடுத்துக் கூட்டம் சேர்த்தார். தென் லண்டனில் ஒரு சமூகக் கூடத்தில் நண்பர்களோடு சேர்ந்து ஜமைக்க ரெகே இசைப் படங்களைத் திரையிட்டுவரும் எனக்கு அந்தத் துண்டறிக்கைதான் தெம்பு.

இலவசக் காட்சியானாலும் படத்தைத் திரையிட உரிமம் வாங்கியாக வேண்டும். அது கடிதப் போக்குவரத்தோடு முடிந்துவிடும். பெரிய வேலை ஒலிதான். கூடத்துச் சுவரில் இருக்கும் ஸ்பீக்கர்கள் கூட்டத்தில் பேசுவதற்குத்தான் லாயக்கு; ரெகேயின் கனத்த பேஸ் ஒலி அதில் செத்துப்போகும். ஒரு காலத்தில் சவுண்ட் சிஸ்டம் (பெரிய ஒலிப்பெட்டிகளோடு போய்ப் பாட்டுப் போடும் குழு) நடத்திய பெரியவர் ஒருவர், தன் கையால் செய்த மரப்பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். ஒரு பாட்டை ஓடவிட்டு மூலைக்கு மூலை நின்று கேட்பார். உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் நாற்காலி போட விடுவார்.

படம் ஓடும்போது பேசாதீர்கள் என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. ‘தி ஹார்டர் தே கம்’ படத்திலேயே அதற்கு நியாயம் இருக்கிறது. கிராமத்திலிருந்து வந்த ஐவன் (ஜிம்மி கிளிஃப்) கிங்ஸ்டன் கொட்டகையில் ‘ஜாங்கோ’ படம் பார்க்கிறான்; சுற்றிலும் ஒரே கூச்சல், சிரிப்பு. கடைசியில் கடற்கரையில் துப்பாக்கிகளின் எதிரே அவன் நிற்கும்போது அந்தக் கொட்டகைக் கூட்டத்தின் முகங்கள் மறுபடி வருகின்றன. பார்க்கிறவர்களையும் கதைக்குள் இழுத்துக்கொண்ட படத்தை வாய்மூடிப் பார்க்கச் சொல்வது அநியாயம்.

என் மனதுக்கு நெருக்கமானது ‘பாபிலோன்’. பிராங்கோ ரோஸோ இயக்கி 1980இல் வந்தது. இந்தத் தென் லண்டன் தெருக்களிலேயே எடுக்கப்பட்டது. ஜமைக்கக் குடும்பங்களின் பிள்ளைகள், அவர்களுடைய சவுண்ட் சிஸ்டம், போலீஸ், நிறவெறி எல்லாம் அதில் உண்டு. அதற்கு ‘எக்ஸ்’ சான்றிதழ் கொடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் பார்க்க முடியாது. யாருடைய வாழ்க்கையோ அவர்களையே வாசலில் நிறுத்திய அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அன்று பதினைந்து வயதாக இருந்த ஓர் அம்மா எங்கள் கூடத்தில்தான் அதை முதன்முறையாகப் பார்த்தார்.

பையன்களின் ஒலிப்பெட்டிகளை அடித்து நொறுக்கிப் போட்டிருக்கும் காட்சி வந்ததும் பெரியவர் எழுந்து தன் பெட்டிகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். படம் முடிந்ததும் அந்த அம்மாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். கதாநாயகன் புளூ கடைசியில் ஒருவனைக் குத்தியது தவறு என்றாள் மகள். அவன் அதற்கு முன்னால் எத்தனை முறை பொறுத்துப் போனான் என்று எண்ணிப் பார்த்தாயா என்றார் அம்மா. சுற்றியிருந்தவர்களும் கட்சி பிரிந்து பேசினார்கள். கூடத்தைப் பூட்ட வந்தவர் சாவியோடு காத்திருந்தார். அதிலிருந்து படம் முடிந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்குச் சேர்த்தே வாடகை கட்டுகிறோம்.