எந்த இழை, யார் கொடுத்த இழை?

ஆஸ்பெஸ்டாஸ் தூசைச் சுவாசித்தவர்களுக்கு வரக்கூடிய புற்றுநோய் மீசோதீலியோமா. பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வருவது. தூசு உள்ளே போய் 30, 40 வருடம் கழித்துத்தான் பலருக்கும் நோயே தெரியவரும். அதற்குள் கம்பெனி மூடியிருக்கும், பதிவேடுகள் குப்பைக்குப் போயிருக்கும். அப்புறம் எதை வைத்து நஷ்டஈடு கேட்பது?

இங்கிலாந்தின் ஃபேர்சைல்ட் வழக்கில் சிக்கல் இன்னும் ஒரு படி மேல். பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகளிடம் வேலை பார்த்தவர்கள். இவர் தவறாமல் இருந்திருந்தால் நோய் வந்திருக்காது என்று வாதிதான் காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் வழக்கமான விதி. எந்த இடத்துத் தூசு நோயைக் கிளப்பியது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாதே! அதனால் 2001 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரே முதலாளி தவறு செய்தால் மாட்டிக்கொள்வார், இரண்டு பேர் செய்தால் இருவருமே தப்பிக்கலாம். என்ன கணக்கு இது?

2002-ல் பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் இதை மாற்றினார்கள். கடமை தவறி, நோய் வரும் அபாயத்தைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டினார் என்று காட்டினாலே இத்தகைய வழக்கில் போதும் என்றார்கள்.

2006 மே மாதம் பார்க்கர் வழக்கில் அதே சபை ஒரு முடிச்சுப் போட்டது: ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் கொடுத்தால் போதும். கேட்க நியாயம்தான். ஆனால் திவாலான கம்பெனியின் பங்கை யாரிடம் வாங்குவது? ஜூலையிலேயே பாராளுமன்றம் நஷ்டஈட்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவால் அதை அவிழ்த்தது. மீசோதீலியோமா வழக்குகளில் பொறுப்பாளி யாராவது ஒருவரிடமே முழுத்தொகையும் வாங்கலாம். மற்றவர்களிடம் வசூலிப்பது அவர் பாடு.

இத்தனைக்குப் பிறகும் அங்கே வேலை பார்த்தார், அங்கே தூசு இருந்தது என்பதை வாதிதான் காட்ட வேண்டும். வேலைக்கு வரி அலுவலகப் பதிவுகள் சாட்சி. தூசுக்கு? உயிரோடிருக்கும் சக தொழிலாளிகள், இல்லாவிட்டால் நோயாளியின் நினைவுதான். நோய் உறுதியான பிறகு பலருக்கு ஒன்றிரண்டு வருடம் இருந்தாலே அதிகம். அதனால் வக்கீல்கள் முதலில் ஓடுவது அவர் வாக்குமூலத்துக்காக. எந்த வருடம், எந்தக் கொட்டகை, குழாய்க்கு உறை சுற்றியது யார், முகமூடி கொடுத்தார்களா, அன்றைய மேஸ்திரி பெயர் என்ன...