சோளக் கொல்லை நடுவே ஒரு கலாசாலை

தூது போவது சுலபமான காரியம் அன்று. அனுமார் தூது போய் வாலில் தீ வைத்துக்கொண்டார். கிருஷ்ண பரமாத்மாவே தூது போயும் ஐந்து வீடுகூடக் கிடைக்கவில்லை. ஆகையால், சென்ற ஆண்டு புரட்டாசி மாதக் கடைசியில் அமெரிக்க தேசத்தில் நான் மேற்கொண்ட ஒரு சின்னஞ்சிறு தூது எப்படி முடிந்தது என்று சொன்னால், நேயர்கள் என்னைப் பரிகசிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நான் காவேரிக் கரை ஊர் ஒன்றில் இருபது வருஷமாகத் தமிழ் உபாத்தியாயராக இருப்பவன். என் தங்கை சிகாகோ நகரத்தில் குடும்பத்துடன் வசிக்கிறாள். காலாண்டுப் பரீட்சை விடுமுறையோடு கொஞ்சம் லீவும் சேர்த்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றாம் நாள் காலை, காப்பித் தம்ளரை என் எதிரில் வைத்துவிட்டு அவள் விஷயத்தை ஆரம்பித்தாள்.

"அண்ணா, உங்கள் மருமகளுக்கு நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். நர்ஸிங் படிக்க அயோவாவுக்கு அனுப்பினோம். அவளோ கதை எழுதுகிற வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால், 'இங்கிலீஷ் மைனர்' என்கிறாள். நீங்கள் வாத்தியார், மாமா சொன்னால் தட்ட மாட்டாள்."

'மைனர்' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கத்தில் மைனர் என்றால் மல் ஜிப்பாவும், தங்கச் சங்கிலியும், தகப்பனார் சேர்த்த நிலத்தை விற்றுத் தின்னும் குணமும் உடைய ஆசாமி அல்லவா? தங்கையின் முகத்தைப் பார்த்தால் அவளும் ஏறக்குறைய அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறாள் என்று தோன்றியது. "சரி, போய்ப் பார்க்கிறேன்" என்று வாக்களித்தேன்.

*

சிகாகோவிலிருந்து அயோவா நகரம் மேற்கே ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பஸ்ஸில் போனேன். பாதி வழிக்கு மேல் போனதும் மிஸிஸிப்பி நதி வந்தது. அகண்ட காவேரியைப் பார்த்து வளர்ந்த எனக்கும் அந்த நதி ஒரு மரியாதையை உண்டாக்கிற்று. அதைத் தாண்டினால் அயோவா மாகாணம். பிறகு கண்ணுக்கு எட்டிய வரையில் மக்காச்சோளம்தான். அறுவடைக் காலமாதலால் கதிர்கள் காய்ந்து பழுப்பேறி நின்றன. 'இந்தச் சோளக் கொல்லையின் நடுவிலா கதை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள்?' என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் பஸ் நிலையத்தில் காத்திருந்தாள். "அம்மா உங்களை எதற்கு அனுப்பினாள் என்று எனக்குத் தெரியும், மாமா. முதலில் ஊரைப் பாருங்கள்; அப்புறம் திட்டுங்கள்" என்றாள். தூதனுடைய ஆயுதத்தைப் பிடுங்குவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

ஊரின் நடுவில், நதியைப் பார்த்தபடி, தங்க முலாம் பூசிய கூண்டுடன் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் மாகாணத்தின் தலைமைச் சபை அங்கேதான் கூடிற்று. 1857-ல் தலைநகரம் டிமாயினுக்குப் போய்விடவே, கட்டடம் சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சர்வகலாசாலை தோன்றியது 1847-ல். அயோவா தனி மாகாணமாகி இரண்டு மாதங்கூட ஆகவில்லை. வயலை உழுது முடிப்பதற்கு முன்பே கலாசாலைக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அந்த ஜனங்கள்.

1897-லேயே அங்கே செய்யுள் இயற்றுவதற்கு ஒரு வகுப்பு நடந்ததாம். 1922-ல் அதைவிடத் துணிச்சலான காரியம் ஒன்று செய்தார்கள். ஆராய்ச்சி நூலுக்குப் பதிலாகக் கவிதைத் தொகுதியோ, கதையோ, நாடகமோ எழுதிக் கொடுத்தாலும் மேற்பட்டம் பெறலாம் என்று அறிவித்தார்கள். இதை அறிவித்த கார்ல் ஸீஷோர் ஒரு மனோதத்துவ சாஸ்திரி! 1936-ல் 'எழுத்தாளர் பட்டறை' முறையாக ஏற்பட்டது. பின்னர் அதை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தியவர் பால் எங்கிள் என்னும் கவிஞர்.

அவரைப் பற்றி ஒரு கதையை மருமகள் நடந்துகொண்டே சொன்னாள். 1945-ல் தெற்கே ஜார்ஜியா மாகாணத்திலிருந்து ஓர் இளம் பெண் அவர் அறைக்கு வந்து ஏதோ சொன்னாள். அவளுடைய உச்சரிப்பு அவருக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. காகிதத்தை நீட்டி, எழுதிக் காட்டச் சொன்னார். தான் பத்திரிகைத் தொழிலுக்கு ஏற்றவள் அல்ல என்றும், பட்டறையில் சேர விரும்புவதாகவும் அவள் எழுதினாள். அந்தப் பெண்தான் பின்னால் பெரும் புகழ் பெற்ற ஃப்ளானரி ஓ'கானர்.

எங்கிளும் சீனத்தில் பிறந்த எழுத்தாளரான ஹுவாலிங் நியே அம்மையாரும் சேர்ந்து 1967-ல் 'சர்வதேச எழுத்துத் திட்டம்' என்ற மற்றோர் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். உலகத்தில் 150-க்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து எழுத்தாளர்கள் அதில் வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். 1973-ல் நமது அசோகமித்திரன் வந்தார். அந்த வாசத்தின் பலன்தான் 'ஒற்றன்' என்ற அவருடைய நாவல். சோளக் கொல்லை என்று நான் இளக்காரமாக நினைத்த ஊரில் ஒரு தமிழ் எழுத்தாளரின் காலடி பட்டிருக்கிறது என்றதும் எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

2008-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அயோவா நதி கரை புரண்டு சர்வகலாசாலைக்குள் புகுந்தது. நூல் நிலையத்தின் கீழ்த்தளத்துப் புத்தகங்களை மாணவர்களும் ஊராரும் வரிசையாக நின்று கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். அதே ஆண்டின் இறுதியில் யுனெஸ்கோ அந்த ஊரை 'இலக்கிய நகரம்' என்று அறிவித்தது. எடின்பரோவுக்கும் மெல்போர்னுக்கும் அடுத்தபடி அந்தப் பெயரைப் பெற்ற மூன்றாவது ஊர் அது. அந்தப் புத்தக வரிசை ஒன்றுக்காகவே கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

*

பகல் சாப்பாட்டின்போது தூதை ஆரம்பித்தேன். "அது என்ன அம்மா, மைனர்?"

அவள் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். அங்கே பட்டம் பெறுவதற்குச் சாதாரணமாக 120 மதிப்பலகு வேண்டும். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று. முதன்மைப் பாடமும், எல்லோருக்கும் பொதுவான பாடங்களும் போக மீதியுள்ள இடத்தில் மாணவர் தம் இஷ்டப்படி படிக்கலாம். அந்த இடத்தை உதிரியாகச் செலவழிக்காமல் ஒரே துறையில் ஐந்தாறு பாடங்களாக, அதாவது 15 முதல் 18 மதிப்பலகு வரை, சேர்த்துப் படித்தால் அதற்குப் பெயர் 'மைனர்'. நம் கலாசாலைகளில் துணைப்பாடம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? ஆனால் இன்ன படிப்புக்கு இன்ன துணைப்பாடம் என்று பெரும்பாலும் முன்கூட்டியே விதித்து விடுகிறார்கள். அங்கே மாணவரே தேர்ந்தெடுக்கிறார். நர்ஸுக்கு இலக்கியம், என்ஜினீயருக்குச் சங்கீதம் என்று எதுவும் எதனோடும் சேரும்.

இங்கிலீஷையே முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பழைய நூல்களைப் படிப்பதோடு நில்லாமல், கதை, கவிதை, நடந்ததை நடந்தபடி சொல்லும் கட்டுரை ஆகியவற்றை எழுதும் பயிற்சியிலேயே பல பாடங்களைச் செலவிடலாம். எழுத்துப் பயிற்சியை மையமாக வைத்துக்கொண்ட இத்தகைய படிப்பு அமெரிக்காவில் பல கலாசாலைகளில் இருக்கிறது. பட்டறைக்குப் பேர்போன அயோவாவிலோ, இளநிலை மாணவர்களுக்கு 'இங்கிலீஷும் படைப்பெழுத்தும்' என்ற தனிப் பட்டப் படிப்பு 2016-ல்தான் வந்தது. எண்பது வருஷம் அண்ணன்மார்களுக்குப் பரிமாறிய பிறகு தம்பிமார்களுக்கு இலை போட்டார்கள் என்று சொல்லலாம்.

"எல்லாம் சரி. எழுதுவதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்று என் பெரிய பாணத்தை விட்டேன்.

"பட்டறைக்காரர்களே முடியாது என்று பாதி ஒப்புக்கொள்கிறார்கள், மாமா. இருக்கிற திறமையை வளர்க்கலாம் என்று மட்டுந்தான் சொல்கிறார்கள். மூன்று மணிக்கு என் வகுப்பு. உபாத்தியாயரிடமும் மற்றவர்களிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். வந்து பாருங்கள். இன்றைக்கு என் முறை."

*

பதினைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உபாத்தியாயரும் அவர்களில் ஒருவராக உட்கார்ந்தார். மருமகள் எழுதிய ஆறு பக்கக் கட்டுரையைப் போன வாரமே எல்லோரும் வாங்கிப்போய் ஓரமெல்லாம் குறிப்பெழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். எழுதியவர் வாய் திறக்கக்கூடாது என்பது அந்த வகுப்பின் விதி. இக்காலத்தில் இந்த விதியை ஆட்சேபித்து மாற்றிவிட்ட உபாத்தியாயர்களும் அந்நாட்டில் உண்டாம். இவர் பழைய முறைக்காரர்.

முதியோர் விடுதி ஒன்றில் பயிற்சிக்குப் போனபோது பார்த்த ஒரு கிழக் குடியானவரைப் பற்றி அவள் எழுதியிருந்தாள். அடையாளம் தெரியாதபடி பெயரையும் ஊரையும் மாற்றியிருந்தாள். அவர் நிலத்தை விற்றுப் பல வருஷம் ஆகிறது. ஆயினும் ஒவ்வோர் இரவும் நர்ஸைக் கூப்பிட்டு, "களஞ்சியக் கதவைச் சாத்தியாயிற்றா?" என்று கேட்பார். "சாத்தியாயிற்று" என்றால் தூங்குவார்.

ஒரு பெண் சொன்னாள்: "நான்காம் பக்கத்தில் 'அவர் மிகவும் துயரமாக இருந்தார்' என்று வருகிறது. அது வேண்டாம். அந்தக் கேள்வியே போதும்." என்ஜினீயரிங் படிக்கும் ஒரு பையன், குடியானவர் வீட்டுப் பிள்ளைபோல் இருந்தது, தயங்கித் தயங்கிப் பேசினான்: "எங்கள் பக்கத்தில் களஞ்சியத்தின் பெரிய கதவு சக்கரத்தில் உருளும். அதைச் சாத்தும்போது ஒரு சத்தம் கேட்கும். என் தாத்தாவுக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வரும். இவர் கேட்பது கதவை அல்ல, அந்தச் சத்தத்தை என்று நினைக்கிறேன்."

அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மருமகள் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள்.

எனக்கு அப்போது வேறொரு கட்டுரை ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்பில் எட்டாம் வகுப்புக்கு வியாசம் கொடுத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் மகாபலிபுரத்துக்கோ ஊட்டிக்கோ போய் வந்திருந்தார்கள். போகாதவர்களும் போனதாக எழுதியிருந்தார்கள். ஒரு பையன் மட்டும், தகப்பனாரைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் போனதையும், அங்கே தாழ்வாரத்தில் இரண்டு இரவு படுத்திருந்ததையும் எழுதியிருந்தான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, சந்திப் பிழைகள் ஏராளம். நான் சிவப்பு மையால் 'தலைப்பை விட்டு விலகியுள்ளது' என்று எழுதிப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். அடுத்த தடவை அவனும் மகாபலிபுரம் போய் வந்துவிட்டான். அதற்கு நான் ஏழு கொடுத்தேன்.

நான் அந்தப் பையனுடைய பிழைகளைப் படித்தேனே ஒழிய, அவன் எழுதியதைப் படிக்கவில்லை. இருபது வருஷத்தில் எத்தனை நோட்டுப் புத்தகங்கள்! அந்த மேஜையைச் சுற்றியிருந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் எழுத்தாளர் ஆகப் போவதில்லை. ஆனால் தான் எழுதியதைப் பதினைந்து பேர் சிரத்தையாகப் படித்தார்கள் என்ற அனுபவம் ஒவ்வொருவருக்கும் ஒரு தரமாவது கிடைக்கிறது.

*

மாலையில் நதிக்கரையில் நடந்தோம். "ஆஸ்பத்திரிக் குறிப்பில் 'நோயாளி இரவில் அமைதியின்றி இருந்தார்' என்று எழுதுவேன், மாமா. அதற்கு மேல் எழுத அங்கே இடமில்லை, எழுதவும் கூடாது. மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது?" என்று மருமகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொன்னேன். "உங்களுக்கு இங்கிலீஷ் இலாகா என்றால், எங்களுக்குத் தமிழ் இலாகா மாதிரி. இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் இங்கிலீஷ் என்றால் உத்தியோகத்துக்கான பாஷை. இங்கே, பாட்டியைப் பற்றி எழுதுகிற பாஷை." ஆகவே அயோவாவைப் பார்த்து நாம் கற்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இங்கிலீஷ் அல்ல, நம் பிள்ளைகள் தமிழில் சொந்தமாக எழுதுவதற்கும், எழுதியதைச் சக மாணவர்கள் படிப்பதற்கும் ஒரு மேஜை. பௌதிகம் படிப்பவனும் கணக்கு படிப்பவளும் அதில் வந்து உட்கார வேண்டும். 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட பாடத்திட்ட அமைப்பிலும் 'மைனர்' என்னும் ஏற்பாடு இருக்கிறது. பெயர் வந்துவிட்டது, மேஜையை நாம்தான் போட வேண்டும்.

அந்நாட்டிலும் எல்லாம் செழிப்பாக இருக்கிறதென்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். சென்ற பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இங்கிலீஷை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களின் தொகை அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. பெற்றோர் கவலை எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான். என் தங்கையைப் போன்றவர்கள் அயோவாவின் பண்ணை வீடுகளிலும் இருக்கத்தான் செய்வார்கள்.

சிகாகோவுக்குத் திரும்பியதும் தங்கை, "சொன்னீர்களா?" என்று கேட்டாள். "நர்ஸிங்கை விடவில்லை, அதுவும் இருக்கிறது, இதுவும் இருக்கிறது. வருஷமும் கூடாது" என்றேன். "உங்களைப் போய் அனுப்பினேனே!" என்றாள். கிருஷ்ணன் தூதைப் போலவே இதுவும் பலிக்கவில்லை.

ஊர் திரும்பிய வாரத்தில் எட்டாம் வகுப்புக்குத் தலைப்பு எதுவும் கொடுக்காமல், "உங்கள் வீட்டில் இரவு கடைசியாகக் கேட்கும் சத்தம் எது? எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றேன். நாற்பத்திரண்டு நோட்டுகள் வந்தன. சிவப்புப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு முதலில் ஒரு தரம் எல்லாவற்றையும் படித்தேன். அடைமழையில் ஓட்டு வீடு, தறிச் சத்தம், அப்பாவின் இருமல் என்று என்னென்னவோ இருந்தன. படித்து முடிக்கும்போது இரவு பதினொன்றரை மணி ஆகிவிட்டது. சந்திப் பிழைகளை மறுநாள் திருத்தினேன்.