இல்லை என்று சொன்ன கணக்கு

எங்கள் நூலகத்து வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. ஊர் என்ற இடத்தில் திரேஸ்புரம் என்று எழுதி, எதிரே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மாலை ஆறு மணி இருக்கும். நாளிதழ் மேசைப் பக்கம் திரும்பாமல் நேரே என்னிடம் வந்தார். "சார், வல்லத்துல மாட்டுற டீசல் இன்ஜின் பத்தித் தமிழ்ல புக்கு எதும் இருக்கா? மெக்கானிக்கத் தேடிப் போனா ரெண்டு நாள் தொழில் போயிருது. சின்ன ரிப்பேரு நாமளே பாத்துக்கலாம்ல."

"அப்படி ஒண்ணும் இல்லியே அண்ணாச்சி" என்றேன். எழுந்து அலமாரிப் பக்கம் போய்ப் பார்க்கக்கூட இல்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாதக் கடைசியில் அறிக்கைக்குக் கூட்டல் போட்டபோது, அன்றைய வருகையில் அவரும் ஒருவர். எங்கள் கணக்குப்படி அவர் பயன் பெற்ற வாசகர்.

சில வாரம் கழித்து, கலைந்து கிடந்த தொழில்நுட்ப வரிசையை அடுக்கும்போது, விவசாயப் புத்தகங்களுக்கு நடுவில் ஒன்று கையில் பட்டது. பம்ப்செட் டீசல் எஞ்சினைப் பராமரிப்பது எப்படி என்று படம் போட்டு விளக்கும் ஒல்லியான தமிழ்ப் புத்தகம். வல்லம் என்கிற நாட்டுப்படகில் மாட்டுகிற எஞ்சின் பலதும் அந்த ஒற்றை சிலிண்டர் வகைதான். அவர் கேட்டதில் பாதிக்கு மேல் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்துத் தவணைச் சீட்டில் ஒரு தேதி முத்திரைகூட இல்லை. அன்று சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் "இல்லை" என்று தலைப்பு எழுதினேன்.

அதற்கு முன்பு நாங்கள் வாசகர் திருப்தியை அளக்கவில்லை என்று சொல்ல முடியாது. படிவம் உண்டு. நூல்களின் இருப்பு, நூலகரின் அணுகுமுறை, இருக்கை, மின்விசிறி, குடிநீர். ஒவ்வொன்றுக்கும் எதிரே மிக நன்று, நன்று, பரவாயில்லை என்று கட்டங்கள். வாசகரிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். எல்லாவற்றுக்கும் "மிக நன்று" போட்டுவிட்டு, "நல்லாத்தான் சார் வச்சிருக்கீங்க" என்று நீட்டுவார். நம் மக்களின் பண்பு அது. விருந்துக்கு வந்த வீட்டில் உப்புக் குறைவு என்று வாய்விட்டுச் சொல்லாத பண்பு. அதை வைத்துக்கொண்டு சேவையின் தரத்தை அளந்தால், அளந்தது அவர்கள் மரியாதையைத்தான். என் வேலையை அல்ல.

சேவையை அளக்கும் வழியை உலகத்துக்கு வகுத்துக் கொடுத்தவர்களில் முன்னணியில் நிற்பவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பரசுராமன். அமெரிக்காவில் வாலரி சைத்தாம்ல், லியோனார்ட் பெர்ரி என்ற இருவரோடு சேர்ந்து 1988இல் அவர் வெளியிட்ட முறைக்கு செர்வ்குவால் என்று பெயர். 22 கேள்விகள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டும்: நீங்கள் எதிர்பார்ப்பது எவ்வளவு, இங்கே கிடைப்பது எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தரம். 2000ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க ஆய்வு நூலகங்களின் சங்கமும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகமும் இதை நூலகத்துக்கென்று மாற்றி லிப்குவால் என்று கொண்டுவந்தன. அதில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று எண், ஒன்று முதல் ஒன்பது வரை. இதற்குக் கீழே போனால் பொறுக்க மாட்டேன் என்ற அளவு, இப்படி இருந்தால் மகிழ்வேன் என்ற அளவு, உண்மையில் கிடைக்கிற அளவு. முதல் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது விழுந்தால் நூலகம் தாக்குப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

நல்ல முறைதான். படித்ததும் எனக்குப் பெரிய தெளிவு வந்தது. ஆனால் ஓர் இடத்தில் மனம் நின்றுவிட்டது. எதிர்பார்ப்பே இல்லாதவருக்கு இடைவெளி ஏது? உப்பளத்தில் பகல் முழுக்க வரப்பில் நின்றுவிட்டு வருகிற ஒருவர், ஓடுகிற மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம் தினத்தந்தி படிக்கிறார். அவருக்கு எல்லாம் திருப்தி. அவர் மகள் ஒருமுறை பள்ளியிலிருந்து மதுரைக்குச் சுற்றுலா போய், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்த மறுநாளே கேட்டாள்: "நம்ம லைப்ரரில ஏன் சார் கதை சொல்ல மாட்டேங்கிறீங்க?" அவளிடம் படிவம் கொடுத்திருந்தால் என் மதிப்பெண் சரிந்திருக்கும். அந்தச் சரிவு எனக்குக் கிடைத்த வெற்றி என்றே நம்புகிறேன். எதிர்பார்க்கக் கற்றுக்கொடுப்பதும் நூலகத்தின் வேலைதான். அதைச் சரியாகச் செய்கிற நூலகத்தில் திருப்திப் புள்ளி சில வருடங்களுக்காவது இறங்கத்தான் செய்யும்.

நோட்டுக்கு வருகிறேன். நான்கு பத்திகள்: தேதி, கேட்டது என்ன, கேட்டவர் செய்யும் தொழில், ஏன் இல்லை. பெயர் எழுதுவதில்லை. முதல் சில நாள் கை கூசியது, என் தோல்வியை நானே எழுதுகிற மாதிரி. பிறகு கடைசிப் பத்திதான் நோட்டின் உயிர் என்று தெரிந்தது. "இல்லை" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு வேறு இல்லைகள் இருந்தன. நூலகம் அந்தப் புத்தகத்தை வாங்கவே இல்லை என்பது ஒன்று. இருக்கிறது, வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார் என்பது இன்னொன்று. மூன்றாவது, பதிவேட்டில் சேர்க்கை எண் இருக்கிறது, அலமாரியில் கைக்கு அகப்படவில்லை. நான்காவது, புத்தகம் கண்ணெதிரே இருக்கிறது, வாசகரால் எடுத்துப் போக முடியவில்லை.

முதலாவதற்கு நிதியைக் காரணம் சொல்லலாம். மூன்றாவதற்கு என்ன சொல்வது? அது முழுக்க என் மேசையின் குற்றம். வாசகர் தன் விருப்பத்துக்கு எடுத்துப் பார்த்து வேறு தட்டில் செருகிவிட்டுப் போவார். அதை அன்றன்றைக்குத் திரும்ப எடுத்து அடுக்குகிற வேலையை, அறிக்கை எழுதும் அவசரத்தில் நான் தள்ளிப் போட்டிருக்கிறேன். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது. அவர் கணிதப் பேராசிரியராக இருந்து நூலகத்துக்கு வந்தவர். அந்த விதியை நான் பரீட்சைக்குப் படித்து மதிப்பெண் வாங்கியவன். அது என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டது இந்த நோட்டில்தான். இப்போது தினமும் காலையில் முதல் வேலை, ஒரு வரிசையை முழுதாகச் சரிபார்ப்பது. ஒன்றே ஒன்றுதான். சுற்று முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து.

நான்காவது "இல்லை" இன்னும் வலிக்கும். விசைப்படகில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் ஜோ டி குருஸின் 'கொற்கை'யைக் கேட்டு வாங்கிப் போனார். தன் ஊர்க் கதை, தன் சனத்தின் கதை, அதற்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது என்றால் சும்மா இருப்பாரா? ஆனால் ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற நாவல் அது. இரண்டு வாரத் தவணை. விடியுமுன் கடலுக்குப் போய் இரவில் கரை சேர்பவர் எப்போது படிப்பார், எப்போது வந்து புதுப்பிப்பார்? தாமதமாகக் கொண்டு வந்து அபராதம் கட்டினார். சில்லறைக் காசுதான். ஆனால் இன்னொரு வாசகர் பக்கத்தில் நிற்கையில் நான் தேதியைச் சுட்டிக்காட்டினேன். அதன்பிறகு அவர் வரவில்லை. என் பதிவேட்டில் அவர் கடைசியாகப் போட்ட கையெழுத்தும் ஒரு வருகைதான். அந்த மாதக் கூட்டலில் அதுவும் சேர்ந்தது.

வருகிறவரை மட்டும் கேட்டு என்ன பயன் என்ற எண்ணம் அங்கேதான் வந்தது. இந்தத் தூத்துக்குடிக் கடற்கரைக்கு அளப்பது புதிதல்ல. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்தக் காலத்தில் குளிப்பை அறிவிப்பதற்கு முன் பார் என்கிற, கடலடியில் சிப்பி படியும் திட்டு ஒவ்வொன்றாகப் போய், அங்கங்கே ஆள் இறங்கி, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றில் கிடைத்த முத்துக்கு விலை மதித்துப் பார்த்த பிறகுதான் குளிப்பு உண்டா இல்லையா என்ற முடிவு. கரையில் ஒதுங்கிய சிப்பியைப் பொறுக்கிப் பார்த்து யாரும் கடலை மதிக்கவில்லை. மூச்சடக்கி இறங்கினார்கள். குளித்தெடுத்த முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. ஒரு தொகுதிக்குப் பத்து. முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000. அளவு பிரிந்துவிடும். ஆனால் ஆணிமுத்து எது என்று சல்லடை சொல்லாது. அதன் உருட்டையும் ஒளியையும் வியாபாரி உள்ளங்கையில் வைத்துக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். என் படிவம் சல்லடை. அது வேண்டும், மறுக்கவில்லை. உள்ளங்கை வேலையை அது செய்யும் என்று நினைத்ததுதான் பிழை.

வராதவரைப் போய்க் கேட்க எனக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதன்படி சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. வீடு வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் கட்டுகிறார். வாடகைக்கு இருப்பவர் வாடகையோடு சேர்த்துக் கட்டுகிறார். நூலக வாசலை மிதிக்காதவர் காசில்தான் நான் புத்தகம் அடுக்குகிறேன்.

போனேன். படிவம் கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே கத்தோலிக்க மீனவரான பரதவர் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் 61 நாள். இத்தனை வருடமாக அந்த 61 நாளை நான் மாணவர்களின் கோடை விடுமுறையாக மட்டுமே பார்த்திருக்கிறேன். படிக்கத் தெரிந்த, நேரம் கிடைத்த இத்தனை ஆண்கள் இரண்டு மாதம் கரையில் இருக்கிறார்கள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா எப்போ, எதைப் பத்தியாவது தெரிஞ்சுக்கணும்னு நெனச்சு, யார்ட்ட கேக்கன்னு தெரியாம விட்டீங்க?" இப்படிக் கேட்டால் மரியாதைக்குப் பதில் சொல்ல வழியில்லை. யோசிக்க வேண்டும். காப்பீட்டு விண்ணப்பம், மகளின் கல்லூரிச் சேர்க்கை, சர்க்கரை நோய்க்கு என்ன சாப்பிடலாம், கைப்பேசியில் வானிலை பார்ப்பது. அத்தனையும் நோட்டுக்குப் போயிற்று. அடுத்த தடைக்காலத்தில் தவணையைக் கேட்காமலே புதுப்பித்துக் கொடுப்பது என்று முடிவு செய்தோம். அதற்கு ஆணை எதுவும் வேண்டியிருக்கவில்லை, பேனா மட்டும் போதுமாக இருந்தது.

எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பதிவான அந்த மழை. தண்ணீர் வடிந்து சில வாரம் ஆன பிறகு ஓர் அம்மா வந்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றதாகச் சொன்னார். பையிலிருந்து, பையனுக்கு எடுத்துப் போயிருந்த கதைப் புத்தகத்தை வெளியே எடுத்தார். இரண்டு மடங்காக உப்பியிருந்தது. ஒவ்வொரு தாளுக்கும் இடையில் நாளிதழ்த் துண்டு வைத்து நிழலில் உலர்த்தியிருக்கிறார். சில துண்டுகள் இன்னும் உள்ளேயே இருந்தன. "பைன் எவ்வளவு சார்?" என்றார். அபராதம் வாங்கவில்லை. அந்தப் புத்தகத்தைக் கழிவுப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. என் மேசை அலமாரியில் வைத்திருக்கிறேன். எங்கள் சேவைக்கு அவர் எத்தனை மதிப்பெண் தருவார் என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கைக்குத் தகுந்த சேவையை நான் கொடுத்தேனா என்பதுதான் என் கேள்வி.

திரேஸ்புரத்துக்காரரைத் தேடியும் ஒரு ஞாயிறு அந்த டீசல் எஞ்சின் புத்தகத்தோடு போனேன். பெயரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் ராமேஸ்வரம் பக்கம் தொழிலுக்குப் போயிருப்பார் என்றார் ஒருவர். புத்தகம் திரும்ப அலமாரிக்கு வந்துவிட்டது. விவசாய வரிசையில் ஒரு குறிப்புச் சீட்டும், மீன்பிடித் தொழில் வரிசையில் ஒரு குறிப்புச் சீட்டுமாக, இரண்டு பக்கத்திலிருந்தும் அதற்கு இப்போது வழி இருக்கிறது.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர் நூலகத்தில் ஒன்றைக் கேட்டு "இல்லை" என்று பதில் வந்தால், "சரி சார்" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். "கேட்டேன் என்று எழுதி வையுங்கள்" என்று சொல்லுங்கள். எழுதும்வரை நில்லுங்கள்.