மூன்று காத்திருப்புகள்

ஹைதராபாத் நகரின் ஒரு மொழியியல் ஆய்வகத்தில், கோடை விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமையன்று, ஏழு ஒலிக்கோப்புகள் இருக்கின்றனவா இல்லையா என்பதை எவராலும் சொல்ல முடியாத நிலை நான்கு மணி நேரம் நீடித்தது. கோப்புகளின் பெயர்கள் திரையில் தெரிந்தன. அளவுகளும் சரியாகவே தெரிந்தன. ஆயினும் அவை வட்டில் எழுதப்பட்டுவிட்டனவா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடையில்லை.

அவை கோலாமி மொழிப் பதிவுகள். தெலங்கானாவின் அடிலாபாத் வட்டாரத்திலும் மகாராட்டிரத்தின் யவத்மால் வட்டாரத்திலும் பேசப்படும் திராவிட மொழி அது. எமனோ 1955-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகும் அதன் கிளைமொழிகளைப் பற்றி எழுதப்பட வேண்டியவை ஏராளம். அந்த ஆய்வு மாணவி மூன்று வாரங்கள் ஊரில் தங்கி, ஒரு முதிய பெண்மணி சொன்ன கதைகளைப் பதிந்து வந்திருந்தாள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு தடங்கள்; ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 1 ஜிபி இடத்தைக் கொள்ளும். ஏழு கோப்புகளுக்கு ஏழு மணி நேரம். துறையில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றே ஒன்றுதான். இளைய மாணவன் ஒருவன் அன்று மாலையே அதை எடுத்துக்கொண்டு களப்பணிக்குக் கிளம்ப வேண்டும். அவள் அட்டையிலிருந்த கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பினாள். திரையில் நூறு விழுக்காடு என்று வந்தது. அட்டையை அழித்துக் கருவியை அவனிடம் ஒப்படைத்தாள்.

நூறு விழுக்காடு என்னும் சொல்லை நம்பியது அவள் பிழையன்று, எல்லாரும் நம்புவதுதான். ஆனால் அச்சொல்லின் பொருள், கோப்பு சர்வரின் நினைவகத்தை அடைந்துவிட்டது என்பதே. நினைவகத்திலிருந்து வட்டுக்குப் போவது தனிப் பயணம்.

அந்தச் சர்வரின் கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ். 2009-இல் லினக்ஸ் கர்னலுக்குள் வந்தது. பழைய தரவின்மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிவிட்டுப் பிறகு சுட்டியை மாற்றும் இயல்புடையது. மாற்றங்களையெல்லாம் பரிவர்த்தனை என்னும் ஒரு கட்டாகச் சேர்த்து, வழக்கமாக 30 நொடிக்கு ஒரு முறை அக்கட்டை வட்டில் உறுதிசெய்யும். இடையில் மின்சாரம் போனாலும் கடைசியாக உறுதிசெய்த நிலை பழுதின்றி எஞ்சும். அதற்குப் பின் வந்தவை போய்விடும்.

இனி, கோட்டா எனப்படும் வட்டு ஒதுக்கீடு. ஒருவருக்கு இவ்வளவு இடம் என்று வரம்பிடும் ஏற்பாடு பல்கலைக்கழகக் கணினிகளுக்குப் புதிதன்று. 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டியிலேயே அது உண்டு. பிடிஆர்எஃப்எஸ்ஸில் அதன் விலை அதிகம். ஒரே தரவுத் துண்டை நாள்தோறும் எடுக்கப்படும் ஸ்னாப்ஷாட்டுகள் பல பகிர்ந்துகொள்ளும்போது, அது யாருடைய கணக்கில் சேரும் என்று ஒவ்வொரு முறையும் ஆராய வேண்டும். ஸ்னாப்ஷாட்டுகள் பெருகப் பெருக, உறுதிசெய்யும் வேலை நொடிகளிலிருந்து நிமிடங்களுக்கு நீளும்.

அன்று காலை கணினி நிர்வாகி ஒரு புதிய வட்டைச் சேர்த்திருந்தார். பழைய வட்டுகளில் உள்ளதைப் புதியதற்கும் பகிர்ந்து பரப்பும் பேலன்ஸ் என்னும் பணியை ஓடவிட்டார். ஒதுக்கீட்டுக் கணக்கு தப்பும் தவறுமாகக் காட்டியதால் மறுகணக்கெடுப்பையும் தொடங்கிவைத்தார். சர்வர் ஊர்ந்தது. மாணவர்கள் முறையிட்டனர். கணக்கெடுப்பே வேண்டாம் என்று முடிவுசெய்து, ஒதுக்கீட்டை அடியோடு நீக்கும் கட்டளையைத் தட்டினார். ஒவ்வொன்றும் தனியே எடுத்துப் பார்த்தால் நியாயமான செயல். அந்தக் கட்டளை திரும்பி வரவேயில்லை.

அவள் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருந்தார். கர்னலின் பதிவேட்டில், ஒரு பணி 120 நொடிக்கு மேல் முடங்கிக் கிடக்கிறது என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. செயல்முறைப் பட்டியலில் வரிசையாக டி என்ற எழுத்து: எழுப்ப முடியாத உறக்கம். அந்நிலையில் இருப்பதற்குக் கில் -9 அனுப்பினாலும் பயனில்லை. கொல்லும் ஆணையைப் பெறுவதற்கும் அது விழித்தாக வேண்டுமே.

“பவரை அணைத்துப் போட்டுவிடலாம் அம்மா, ஐந்து நிமிட வேலை,” என்றார் அவர்.

“சார், அட்டையை அழித்துவிட்டேன்,” என்றாள் அவள்.

பொத்தானை நோக்கிச் சென்ற கையை அவர் மடக்கிக்கொண்டார். அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கடைசியாக உறுதிசெய்தது எப்போது என்று தெரியாது. பேலன்ஸ் நடந்துகொண்டிருந்ததால் அது பல நிமிடங்களுக்கு முன்பாகவே இருக்கக்கூடும். ஏழு கோப்புகளில் எத்தனை அக்கரை சேர்ந்தன, எத்தனை படகிலேயே நிற்கின்றன என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

முடங்கிய பணிகள் ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கின்றன என்று காட்டும்படி கர்னலைக் கேட்கலாம். அவர் கேட்டார். பக்கம் பக்கமாக அழைப்புத் தடங்கள் கொட்டின. அத்தடத்தில் மேல்வரியில் இருப்பது ஆக உள்ளே நிகழ்ந்தது; அடிவரியில் இருப்பது எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. நிரலறியாத மாணவி அதைப் படித்த விதம் வேறு. தமிழ் வாக்கியத்தையும் தெலுங்கு வாக்கியத்தையும் கோலாமி வாக்கியத்தையும் போலவே அங்கும் உட்பொதிந்த தொடர்கள் முன்னே வர, முதன்மை வினை கடைசியில் நின்றது. காத்திருந்து, காத்திருப்பதற்காக அழைக்கப்பட்டு, ஒதுக்கீட்டை நீக்க முயன்று, நின்றது. ஆங்கிலப் பழக்கத்தில் மேலிருந்து எழுவாயைத் தேடுபவருக்கு அது குழப்பும். வினையைக் கடைசியில் எதிர்பார்ப்பவருக்குக் குழப்பாது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நிர்வாகி இதைக் கேட்டுச் சிரித்தார். பதினைந்து ஆண்டுகளாகப் படித்தும் இப்படித் தோன்றவில்லையே என்றார்.

தடங்கள் பல இருந்தாலும் அவற்றுள் பெரும்பாலானவை வெறும் வழிப்போக்கர்கள். கதைமாந்தர் மூவர்தாம்.

ஒதுக்கீட்டை நீக்கும் கட்டளை ஒரு பரிவர்த்தனைக்குள் நுழைந்து, அதைக் கையில் பிடித்தபடியே, மறுகணக்கெடுப்பு நிற்கட்டும் என்று காத்திருந்தது. பேலன்ஸ் அதே பரிவர்த்தனையை உறுதிசெய்ய முற்பட்டு, உள்ளே இருப்பவர்கள் அனைவரும் வெளியேறட்டும் என்று காத்திருந்தது. உள்ளே இருந்ததோ அந்தக் கட்டளை. மறுகணக்கெடுப்பு தன் அடுத்த வரியை எழுதி முடித்து நிற்பதற்கு ஒரு புதிய பரிவர்த்தனையை வேண்டியது. பழையது உறுதிப்படும்வரை புதியது திறக்காது. ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டு நிலுவையின்மைச் சான்றுக்கு அலைந்தவர்கள் இதை உடனே அறிவார்கள். நூலகம் விடுதியின் கையெழுத்தைக் கேட்கும், விடுதி நிதிப் பிரிவின் கையெழுத்தைக் கேட்கும், நிதிப் பிரிவு நூலகத்தின் கையெழுத்தைக் கேட்கும். ஒவ்வொரு மேசையிலும் இருப்பவர் விதிப்படியே நடக்கிறார்.

இந்நிலைக்குக் காஃப்மனும் உடன் எழுதிய இருவரும் 1971-இல் நான்கு நிபந்தனைகளை வகுத்தனர். பிறர் தொடமுடியாதபடி ஒன்றைத் தனக்கே வைத்திருத்தல், வைத்திருந்தபடி இன்னொன்றுக்குக் காத்திருத்தல், வைத்திருப்பதை வெளியார் பிடுங்க இயலாமை, காத்திருப்பு வட்டமாகச் சுழலுதல். நான்கும் கூடினால்தான் முடக்கம். தமிழில் இதற்கு முட்டுக்கட்டை என்கிறோம். சொல் வழக்கில் நிலைத்துவிட்டது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் தேர்ச் சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையை ஒருவர் கொண்டுவந்து வைக்கிறார். தேர் நிற்க வேண்டும் என்று நினைத்தே வைக்கிறார். இங்கே வைத்தவர் எவருமில்லை. மூன்று தேர்கள் ஒரு முச்சந்தியில் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்பது போன்றது இது. அதற்கு ஏற்ற சொல் நம்மிடம் இருக்கிறதா என்பது தனியே யோசிக்க வேண்டியது.

நோய் தெரிந்தாலும் ஓடும் கர்னலில் அதற்கு மருந்தில்லை. அணைத்தே ஆக வேண்டும். அணைக்கும் முன்னர் நினைவகத்தில் இருப்பதை வெளியே எடுக்க முடியுமா என்பதே கேள்வி. எழுதுவதற்குத்தான் பரிவர்த்தனை தேவை; படிப்பதற்குத் தேவையில்லை. ஆனால் வழக்கமான அமைப்பில் ஒரு கோப்பைப் படிப்பதும் சிறு எழுத்தாகிவிடக்கூடும்: கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தைக் கோப்பு முறைமை குறித்துக்கொள்ள முற்படும். அந்த ஒரு குறிப்புக்காகப் படிப்பவரும் உறக்கத்தில் வீழ்வார். நிர்வாகி ஏற்ற அமைப்பைத் திறந்து பார்த்தார். நோஏடைம் என்று இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வேகத்துக்காக அவரே இட்டது. படித்த நேரத்தைக் குறிக்காதே என்று பொருள்.

வெளி வட்டு ஒன்றை இணைத்தார்கள். அதன் கோப்பு முறைமை வேறு, இந்த முடக்கம் அதைத் தொடாது. கோப்புகளை ஒவ்வொன்றாக நகலெடுத்தார்கள். நினைவகத்தில் இடநெருக்கடி வந்தால் கர்னல் பழைய பக்கங்களை வெளியேற்றிவிடும், வெளியேறியவற்றை மீண்டும் படிக்க முடியாமல் போகலாம் என்பதால் வேறு எதையும் அந்தச் சர்வரில் திறக்கவில்லை. முதல் ஆறும் வந்தன. ஏழாவது பாதிக்கு மேல் சென்று, ஓரிடத்தில் நின்றது. பத்து நிமிடம் பார்த்தார்கள். அந்த நகலெடுப்பும் டி எழுத்தை அணிந்துகொண்டது.

எல்லா வட்டுகளையும் ஒருசேர ஒத்திசைக்கும் கட்டளையைத் தட்டவிடாமல் அவர் தம்மைத் தடுத்துக்கொண்டார். பல்லாண்டுப் பழக்கத்தில் விரல்கள் அதற்குத்தான் போயின, தட்டியிருந்தால் அதுவும் முடங்கியிருக்கும். வெளி வட்டை மட்டும் ஒத்திசைத்தார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

மறுதொடக்கத்தின்போது, இடையில் நின்ற பேலன்ஸ் தானே மீண்டும் கிளம்பாதபடி ஸ்கிப்_பேலன்ஸ் என்ற விருப்பத்தோடு ஏற்றினார். கோப்பு முறைமை பழுதின்றி எழுந்தது. ஒதுக்கீடு இன்னும் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நீக்கும் ஆணை உறுதிப்படவே இல்லையல்லவா! இம்முறை பேலன்ஸை ரத்துசெய்து, மறுகணக்கெடுப்பு முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகு ஒதுக்கீட்டை நீக்கினார். இரண்டு நொடியில் முடிந்தது.

வட்டில் நான்கு கோப்புகள் முழுமையாக இருந்தன. ஐந்தாவது பாதியில் அறுந்திருந்தது. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் பெயர் மட்டும் இருந்தது, அளவு 0. வெளி வட்டிலிருந்து ஐந்தும் ஆறும் முழுமையாகக் கிடைத்தன. ஏழாவது 52 நிமிடம்.

அன்றிரவு நிர்வாகி தேடியபோது, இதே மூவரின் இதே வட்டம் 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே கர்னல் நிரலர்களால் கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டிருப்பது தெரிந்தது. ஆய்வகச் சர்வரின் கர்னல் அதற்கு முந்தியது. திருத்தத்தின் சாரம், காத்திருப்பை இடம்மாற்றியதே: மறுகணக்கெடுப்பு நிற்கும்வரை முதலில் காத்திரு, பிறகு பரிவர்த்தனையைத் தொடங்கு. காத்திருப்பு அப்படியே இருந்தது. கையில் எதையும் பிடித்துக்கொள்ளாமல் காத்திருந்தது. அவர் அதை அவளுக்கு அனுப்பியபோது நள்ளிரவு கடந்திருந்தது.

ஏழாவது கோப்பில் எஞ்சியிருக்க வேண்டியது இன்னும் 8 நிமிடம். கதை முடியும் பகுதி அது. அவளுடைய களக் குறிப்பேட்டில் அந்தப் பகுதிக்கு ஒன்பது வாக்கியங்கள் ஒலியெழுத்தில் இருந்தன. நான்காவதில் ஒரு வினைமுற்றின் ஈறு தெளிவில்லை, பக்கத்தில் அவளே ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள், பதிவைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று. ஆவணப் படிவத்தில் பதிவின் நீளம் என்ற கட்டத்தில் 52 என்று நிரப்பினாள். குறைபாடு இருப்பின் காரணம் என்ற கட்டத்தில் முதலில் கருவிக் கோளாறு என்று எழுதினாள். கருவியில் கோளாறு ஏதுமில்லை என்பது நினைவுக்கு வர, அதை அடித்துவிட்டு, படியெடுக்கும்போது இழப்பு என்று எழுதிச் சேமித்தாள். பிறகு, முதிய பெண்மணியின் பேரனுக்குத் தொலைபேசியில் அழைத்தாள்.