மூத்தவாப்பாவின் துருக்கித் தொப்பி

குடும்பப் படத்தில் அந்தத் தொப்பி கறுப்பாகத்தான் தெரிகிறது. கறுப்பு வெள்ளைப் படம், வேறென்ன செய்யும்? அதன் சிவப்பைக் கண்ணால் கண்டவர்கள் எங்களில் மிகச் சிலர்தான் மிச்சம். நாங்கள் இடம்பெயர்ந்து வந்த மதுரங்குளியில் பிறந்த பிள்ளைகளுக்குக் காட்டவென்று அதை நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணம் சோனகதெருவில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், பூச்சியுருண்டை வாசத்தோடு அது இருந்தது. ஜும்ஆவுக்கும் கலியாண வீட்டுக்கும் மட்டும் கீழே இறங்கும். 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த அவசரத்தில் தொப்பியை யார் நினைத்தார்கள்?

மூத்தவாப்பாவுக்கு அதில் ஒரு வழக்குப் பெருமையும் உண்டு. 1905இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் இதேபோன்ற தொப்பியோடு எழுந்த சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதரை, அதைக் கழற்றச் சொன்னார் பிரதம நீதியரசர் லயார்ட். அப்துல் காதர் யாழ்ப்பாணத்துக்காரர்; மறுத்துவிட்டார். நீதியரசரின் கட்டளையை எதிர்த்து அந்த வருடத்தின் கடைசி நாளில் மருதானையில் முஸ்லிம்கள் திரண்டார்கள். சொந்த மச்சானுக்கு நடந்ததுபோல இதைச் சொல்வார் மூத்தவாப்பா. துருக்கியே 1925இல் இந்தத் தொப்பியைத் தடைசெய்த கதையை மட்டும் எடுக்கமாட்டார்.

சிவப்பு எளிதாக வந்துவிட்டது. கிரிம்சன் மேல் கிரிம்சன், நிழலுக்குக் கொஞ்சம் பேர்ன்ட் அம்பர். படுத்துவது கம்பளிதான். நெய்யாமல் அடித்து இறுக்கிய கம்பளி அது. ஊடும் பாவும் இல்லாததால் தூரிகை பிடித்துப்போக ஒரு இழைகூடக் கிடையாது. வெளிச்சத்தை விழுங்கிவிடும். நீர்வண்ணமோ தாளின் வெள்ளையை உள்ளேயிருந்து காட்டிக்கொடுக்கும் சாயம். அதை அடக்க அடுக்கடுக்காகப் பூசவேண்டும். ஒவ்வொரு அடுக்கும் காயவேண்டும். முந்தல் களப்புப் பக்கத்து ஈரக்காற்றில் எங்கே காய்கிறது! சொரசொரப்பான தாளில் உலர்ந்த தூரிகையை இழுத்தால் ரோமம் எழும்புகிறது. மூத்தவாப்பாவின் விரல் பட்டுத் தேய்ந்து மினுங்கிய விளிம்புக்கு, ஈரத் தூரிகையால் சாயத்தை ஒற்றியெடுக்கிறேன்.

1935 முதல் 1942 வரை அமெரிக்க ஓவியர்கள் பழைய உடுப்புகளையும் வீட்டுப் பொருட்களையும் நீர்வண்ணத்தில் நுணுக்கமாக வரைந்து, ஏறக்குறைய 18,000 படங்களைச் சேர்த்துவைத்தார்கள். பொறாமையாக இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் உடுப்பு இருந்தது.

குஞ்சத்தில்தான் இப்போது தகராறு. இடப்பக்கம் தொங்கியது என்கிறார் லண்டன் மாமா. பின்பக்கம் என்று உம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார். தீர்ப்பு வரும்வரை அதைப் பென்சில் கோடாகவே விட்டிருக்கிறேன்.