செட்டிநாட்டு முற்றத்தில் பான்சி

மார்கழிக் காலையில் கானாடுகாத்தான் தெருக்களில் நடந்தால், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு நடுவே சில வீடுகளின் வாசல் மட்டும் திறந்திருக்கும். தங்கும் விடுதிகளாக மாறிய வீடுகள் அவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளியூர்ப் பயணிகள் வரும் காலம். முற்றத்துக்குத் தொட்டிப்பூ தேவைப்படுவதும் அப்போதுதான்.

இதைக் கணக்கில் வைத்துத்தான் காரைக்குடிப் பக்கம் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குப் பான்சி மேல் ஆசை வருகிறது. ஊட்டி மலர்க் கண்காட்சியில் பார்த்திருப்பார்கள்: ஐந்து இதழ், நடுவில் கரும்புள்ளி, சின்ன முகம் போன்ற பூ. விதை வாங்கி வந்து, ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்ற பழக்கத்தில் ஆடியிலேயே தூவினால் முளைக்காது. கலப்பின விதையை எண்ணித்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள், விலையும் அதிகம். நஷ்டம் ஒரு பக்கம், விதை போலி என்று கடைக்காரருடன் சண்டை ஒரு பக்கம்.

பெரும்பாலும் குற்றம் விதையில் இல்லை, சூட்டில். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், குளிர்நாட்டு வயோலாச் செடிகளைக் கலந்து உருவாக்கிய பூ இது. முளைக்க 18 முதல் 21 டிகிரி வெப்பம் போதும். 25 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு குறையும். 30 டிகிரியில் விதை உறங்கிப்போகும். 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவில் மே மாதத்திலும் பான்சி பூப்பது அதனால்தான். டெல்லியில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, குளிர் முடிவதற்குள் பூ பார்க்கிறார்கள். காரைக்குடியோ கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லை. தை மாத இரவிலும் பெரிய குளிர் இருக்காது.

அப்படியானால் முடியவே முடியாதா? முடியும், ஆனால் குறுகிய காலத்துக்கு. ஐப்பசி மழை பிடித்து மண் குளிர்ந்த பிறகு, நவம்பர் முதல் வாரத்தில் விதைக்க வேண்டும். குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை வைத்து, மேலே மெல்லியதாக மூட வேண்டும். பான்சி விதை இருட்டில் நன்றாக முளைக்கும். இதற்குச் செட்டிநாட்டு வீட்டைவிடத் தோதான இடம் கிடையாது. உயர்ந்த கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர், காலுக்குச் சில்லென்றிருக்கும் ஆத்தங்குடிக் கல். வெயில் படாத உள்கட்டு அறையின் தரையில் தட்டை வைத்து ஈரச் சாக்கால் மூடினால் போதும். 10 முதல் 15 நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே சாக்கை எடுத்து, தட்டைத் தாழ்வார வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

அடுத்த சோதனை அடைமழை. திறந்தவெளியில் விட்டால் நாற்றழுகல் வரும். கூரைக்கடியிலேயே வைத்து, மேல்பரப்பு காய்ந்த பிறகே தண்ணீர் தெளிக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவோ காரமாகவோ இருந்தால் குருத்து சுருளும். முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைக்கும் பழைய வழக்கம் இந்த நாற்றுக்குக் கைகொடுக்கும்.

ஐந்து, ஆறு வாரத்தில் தொட்டிக்கு மாற்றலாம். செம்மண், மக்கிய தொழுவுரம், நார்க்கழிவு சம அளவு போதும். காலை வெயில் மட்டும் படட்டும். சிறுபூ ரகங்கள் சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பெரிய பூ வேண்டும் என்ற ஆசையை இந்த ஊரில் விட்டுவிடுவது நல்லது. ஜனவரி கடைசியில் பூ தொடங்கும். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் மாசி நடுப்பகுதி வரை ஓடும். விடுதிகளுக்குக் கொடுப்பவர்கள், டிசம்பருக்குப் பூ தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. அது மலைப்பகுதி நாற்றை வாங்கி வந்தால்தான் நடக்கும். முதல் ஆண்டு ஒரே ஒரு பாக்கெட் போதும். மீதமுள்ள விதையை வெளியே வைத்தால் கோடைச் சூட்டில் வீரியம் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

பங்குனியில் பான்சி கருகத் தொடங்கியதும் அதே தொட்டிகளில் நித்தியகல்யாணியோ பத்துமணிப் பூவோ வைத்தால், சித்திரை வெயிலிலும் தொட்டி காலியாக இருக்காது.