அப்பாவின் மீன் கணக்கு

சென்னையில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூர் ஒரு திருத்தலம். வில்லிவாக்கத்தைத் தாண்டி அந்தத் தெருக்களுக்குள் நுழைந்தால் கடைவாசல்களில் பாலித்தீன் பைகளில் மீன்கள் தொங்கும். 2014 கோடையில் அங்கிருந்துதான் ஆறு டிஸ்கஸ் குஞ்சுகளை வாங்கிவந்தேன். பிஸ்கட் அளவே இருந்தன. விலையை வீட்டில் பாதியாகக் குறைத்துச் சொன்னேன்.

ஆறு வாங்கியதற்குக் காரணம் உண்டு. டிஸ்கஸில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. முட்டையிடும் நேரத்தில்தான் வயிற்றின் அடியில் ஒரு சிறு குழல் நீளும். ஆணுக்குக் கூர்மையாக, பெண்ணுக்கு மழுங்கலாக. கூட்டமாக வளர்த்தால் அவையே தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொள்ளும். இது நம் தரகர்களுக்கு ஏற்ற மீன் அல்ல.

அமேசான் காட்டு மீன் அது. ரியோ நீக்ரோவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒன்றை வைத்து 1840-இல் ஹெக்கெல் என்னும் ஆஸ்திரிய விலங்கியலாளர் இதற்குப் பெயரிட்டார். இலைகள் ஊறிக் கறுத்த அந்த ஆற்றின் நீர் ஏறக்குறைய மழைநீர் போல உப்பற்றது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் நீரோ பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுவது. அதில் டிஸ்கஸ் வாழும். ஆனால் இடும் முட்டை பொரியாது. ஆகவே ஆர்.ஓ. இயந்திரம் வாங்கினேன். ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவுநீர் வெளியேறியது. சென்னையில் வாழ்ந்துகொண்டு இதைச் செய்வதில் எனக்கே கூச்சம் இருந்தது.

2016 பிப்ரவரியில் முதல் முட்டைகள். தொட்டியில் கவிழ்த்து வைத்திருந்த மண்கூம்பின் மேல் நூற்றைம்பதுக்குக் குறையாமல், கடுகு ஒட்டியதுபோல் வரிசையாக. மறுநாள் காலையில் ஒன்றுகூட இல்லை. பெற்றோரே தின்றிருந்தன. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே. நான்காம் முறை எனக்குப் பொறுமை போயிற்று. கூம்பைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் ப்ளூ ஊற்றினேன். மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன, வால்கள் துடித்தன. ஐந்தாம் நாள் குஞ்சுகள் நீந்தின. அப்புறம் ஒவ்வொன்றாகச் செத்தன.

பிழை என்னுடையது. டிஸ்கஸ் குஞ்சு முதலில் உண்பது தாய் தந்தையரின் உடலை. முட்டையிட்டபின் இரண்டு மீன்களின் தோலிலும் கெட்டியான ஒரு சளிப்படலம் சுரக்கிறது. குஞ்சுகள் அதைக் கொத்தித் தின்றே முதல் வாரங்களைக் கடக்கின்றன. பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பரிசோதித்து, புரதமும் நோயெதிர்ப்புப் பொருளும் அதில் மிகுகின்றன என்று 2010-இல் எழுதினார்கள். பாலூட்டிகள் சீம்பால் கொடுப்பதைப் போன்றது. ஆனால் இங்கே ஆணும் கொடுக்கிறது. ஒன்று களைத்தால் உடலை ஒரு சிலுப்புச் சிலுப்பும். குஞ்சுக் கூட்டம் அப்படியே மற்றதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஆண்டு ஜூலையில் அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். திருச்சிப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எனக்கு நான்கு வயதில் அம்மா இறந்தாள். அப்பா மறுமணம் செய்துகொள்ளவில்லை. பட்டறைச் சங்கு ஊதுவதற்குள் சோறு வடித்து, எனக்குத் தலைவாரிவிட்டு சைக்கிளில் கிளம்புவார். இதையெல்லாம் பற்றி நாங்கள் பேசியதில்லை. உண்மையில் எதைப் பற்றியுமே அதிகம் பேசியதில்லை. எழுபத்தொரு வயதில் பெரிய வீட்டை விட்டு என்னுடைய இரண்டு அறைக்குள் வந்தவர், முதல் வாரம் மின்கட்டண அட்டையைப் பார்த்துவிட்டு, "மீனுக்கா இவ்வளவு?" என்றார். மறுவாரம் ஆர்.ஓ. கழிவுநீரைப் பிடித்துவைத்துத் துணி துவைக்க ஆரம்பித்தார். அதை ஒரு குற்றச்சாட்டாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 8 அன்று பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்கள். நான் வங்கிக் காசாளன். அதற்குப்பின் வீடு திரும்ப இரவு பத்து, பதினொன்று ஆகும். வேறு வழியின்றித் தொட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தேன். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, ரயில்வே பதிவேட்டைப் போலக் கோடு போட்டு, தேதி, மணி, தண்ணீரின் சூடு, தீனி என்று எழுதலானார்.

நவம்பர் 29-இல் மீண்டும் முட்டைகள். இம்முறை மீன்கள் தின்னவில்லை. நாள் முழுவதும் நாற்காலி போட்டு அசையாமல் எதிரே உட்கார்ந்திருந்த மனிதர்தான் காரணம் என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம், நிழலாடினாலே மிரளும் மீன் அது. டிசம்பர் 4 இரவு நான் வந்தபோது தொட்டிக்குள் சுமார் எழுபது குஞ்சுகள் ஒரு மீனின் விலாவில் மொய்த்திருந்தன.

"இது அம்மாவாடா?" என்றார்.

"இல்லப்பா, அது ஆண்."

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தாயுமானவர் குடிகொண்ட ஊர்க்காரர்கள் நாங்கள். அவரிடம் ஏதாவது கேட்டிருக்கலாம். நான் சாப்பிடப் போய்விட்டேன்.

டிசம்பர் 12 வர்தா புயல். காலையிலேயே மின்சாரம் போயிற்று. எங்கள் தெருவுக்கு அது திரும்ப நான்கு நாளாயிற்று. மாலையில் காற்று அடங்கியபோது எதிர்வீட்டு வேப்பமரம் எங்கள் கேட்டின்மேல் கிடந்தது. ஹீட்டர் இல்லை. முப்பதிலிருந்த தண்ணீர் இருபத்தேழுக்கு இறங்கிவிட்டது. பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஏழு மணிக்கு நின்றது. தொட்டியைக் கம்பளியால் சுற்றினோம். பாட்டில்களில் வெந்நீர் நிரப்பி மூலையில் மிதக்கவிட்டோம். அப்பா குவளையால் நீரை மொண்டு மெதுவாக மீண்டும் ஊற்றிக்கொண்டிருந்தார், காற்றுக் கலப்பதற்காக. பின்பு எங்கிருந்தோ அரிக்கேன் விளக்கொன்றைத் தேடியெடுத்துத் தொட்டியருகே வைத்தார். இருட்டில் குஞ்சுகள் பெற்றோரைத் தவறவிட்டுவிடும் என்று நான் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருக்கிறார்.

முறைபோட்டுக்கொண்டோம். ஒன்றரை மணிவரை அவர், பிறகு விடியும்வரை நான். கண்விழித்த அந்த இரவை நண்பர்களிடம் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஐம்பத்திரண்டு குஞ்சுகள் பிழைத்தன. பெரிதானபின் முப்பதைக் கொளத்தூர்க் கடைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். அந்தப் பணம் ஹீட்டருக்கும் தீனிக்கும் காணவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பா 2020 பிப்ரவரியில் காலமானார். அவருடைய தகரப்பெட்டியில் ஓய்வூதியத் தாள்களுக்கடியில் அந்த நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. டிசம்பர் 12-க்கான பக்கத்தைத் தேடி எடுத்தேன். பதினொரு மணிக்கு, பன்னிரண்டுக்கு, ஒன்றுக்கு என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே என் முறைக்கான இடம் வெறுமையாக இருக்கும் என்று எண்ணினேன். அதே பென்சில், அதே சாய்ந்த எழுத்து:

"மணி 2. சூடு 26. வெந்நீர் 2 பாட்டில். பையன் தூங்கிவிட்டான்.

மணி 3. சூடு 26. வெந்நீர் 3 பாட்டில்.

மணி 4. சூடு 27. குஞ்சுகள் ஆணின் மேல்."